ஜாக் என் ஜில்: காமிக்ஸின் பங்கு எவ்வளவு, டால்ஃபியின் பங்கு எவ்வளவு?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். 1954-ல் வந்த ‘ஜாக் என் ஜில்’ (ஜாக்கும் ஜில்லும்) என்ற பிலிப்பைன்ஸ் நகைச்சுவைப் படத்தைப் பற்றி எங்கோ படித்திருக்கிறீர்கள். காமிக்ஸிலிருந்து எடுத்த படம், நகைச்சுவை நடிகர் டால்ஃபியை நட்சத்திரமாக்கிய படம், அந்த நாட்டு சினிமாவில் பெண் சாயல் கொண்ட ஆண் முதன்முதலாக முக்கியப் பாத்திரமாக வந்த படம் என்றெல்லாம் அதில் இருந்திருக்கிறது. ‘ஒரு மனிதரின் நடை உடையை வைத்துக் கேலி செய்த படத்தை எதற்கு இன்றைக்கும் தூக்கிப் பிடிக்கிறார்கள், காமிக்ஸ் படம் என்றால் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம்தானே’ என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொன்னால்தான் முதல் கேள்விக்குப் போக முடியும்.

என்னைப் பற்றி ஒரு வரி: மணிலாவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன், பிறகு திரைப்பட மாணவர்களுக்குத் தென்கிழக்காசிய வெகுஜன சினிமா பற்றிப் பாடம் எடுத்து வருகிறவன். அங்கே பேசும் தகாலோக் மொழியில் எனக்குள்ள பழக்கம் சந்தையில் பேரம் பேசவும் சினிமா வசனத்தைப் பின்தொடரவும் போதும். சிலேடைகளை ஒரு மணிலாக்காரர் ரசிக்கிற அளவுக்கு ரசிக்கப் போதாது. ஆகவே வசன நகைச்சுவை பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிலிப்பைன்ஸில் காமிக்ஸ் என்பது பிள்ளைகளுக்கான பண்டமாக மட்டும் ஒருபோதும் இருந்ததில்லை. 1929-ல் ‘லிவாய்வாய்’ வார இதழில் டோனி வெலாஸ்கெஸ் வரைய, ரொமுவால்டோ ராமோஸ் எழுத, ‘கென்கோய்’ என்ற பகட்டுக்கார இளைஞன் தோன்றினான். தலையில் எண்ணெய் வழியும், கால்சட்டை தொளதொளவென்று ஆடும், வாயில் பாதி ஆங்கிலம். அமெரிக்க ஆட்சியில் அமெரிக்கனைப்போல் நடக்க ஆசைப்பட்ட மணிலாவாசிகளைப் பெரியவர்கள்தான் அதில் அடையாளம் கண்டு சிரித்தார்கள். போர் முடிந்ததும் அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுப்போன காமிக்ஸ் புத்தகங்கள் ஊரெங்கும் கிடைத்தன. 1946-ல் ‘ஹலக்ஹாக்’ என்ற முதல் உள்ளூர் காமிக்ஸ் இதழ் வந்து சில மாதங்களிலேயே நின்றது. அடுத்த ஆண்டு வந்த ‘பிலிப்பினோ கோமிக்ஸ்’ நிலைத்தது. பெட்டிக்கடை வாசலில் கயிறு கட்டி இதழ்களைத் தொங்கவிடுவார்கள். விலை கொடுத்து வாங்க முடியாதவர் சில சென்டாவோ வாடகை கொடுத்து, கடை முன்னாலிருக்கும் பெஞ்சிலேயே உட்கார்ந்து படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒரு பிரதியை எத்தனை பேர் படித்தார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. பதிப்பாளர் காட்டும் விற்பனை எண்ணிக்கையைவிடப் பல மடங்கு என்று மட்டும் சந்தேகமில்லாமல் சொல்லலாம்.

சினிமாக்காரர்களுக்கு இது எவ்வளவு வசதி என்று யோசியுங்கள். கதை ஏற்கெனவே மக்களிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்தப் பாத்திரம் பிடித்திருக்கிறது, எது பிடிக்கவில்லை என்பது கடைக்காரருக்கே தெரியும். விளம்பரத்துக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டாம். அதனால் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே படமெடுக்கும் பழக்கம் வந்தது. ‘அடுத்து என்ன’ என்று காத்திருந்த வாசகர் அதைத் திரையரங்கில் போய்த் தெரிந்துகொள்வார். சம்பகீதா பிக்சர்ஸ் என்ற பெரிய ஸ்டுடியோ 1951-ல் தீ விபத்தில் பெரும் நஷ்டம் அடைந்தபோது அதைத் தூக்கி நிறுத்தியது ‘ரொபெர்டா’ என்ற காமிக்ஸ் கதைப் படம்தான். அதில் நடித்தது டெஸ்ஸி அகானா என்ற சிறுமி. அந்தக் கதையை எழுதியவர் மார்ஸ் ரவேலோ. நீங்கள் கேட்ட ‘ஜாக் என் ஜில்’ கதையும் அவருடையதே. தயாரிப்பும் அதே சம்பகீதா.

ரவேலோவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை அவரிடம் இருக்கிறது. 1916-ல் கவீத்தே மாநிலத்தில் பிறந்தவர். கல்லை விழுங்கிப் பறக்கும் வீராங்கனை டார்னா, கடற்கன்னி டியெசெபெல், பளுவைத் தூக்கினால் பலசாலியாகும் கேப்டன் பார்பெல் எல்லாம் அவர் மூளையில் பிறந்தவை. எதை எடுத்தாலும் அவர் கதையின் அடிப்படையை ஒரே சித்திரத்தில் போட்டுக் காட்டிவிடலாம். தொடரின் நடுவில் எந்த இதழை எடுத்தாலும் புரிய வேண்டும் என்பது அந்தத் தொழிலின் நிர்ப்பந்தம். ‘ஜாக் என் ஜில்’ சித்திரம் இப்படி: ஓட்டுநர் தொப்பியும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு காரோட்டும் அக்கா, பக்கத்தில் இடுப்பை ஒடித்து நிற்கும் தம்பி. ஜாக் என்பது பெண், ஜில் என்பது ஆண். பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் புரியும்.

படத்தில் அக்கா லூயிசாவாக லோலிடா ரோட்ரிகஸ். ஆண் வேடத்தில் ஒரு பணக்காரரிடம் ஓட்டுநர் வேலைக்குச் சேருகிறாள். அந்தப் பணக்காரராக ரொகெலியோ டெ லா ரோசா. அன்றைக்கு நாட்டிலேயே பெரிய காதல் நாயகன் அவர்தான். (மூன்றே ஆண்டில், 1957-ல், செனட்டர் தேர்தலில் ஜெயித்தார். 1961-ல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று, கடைசி நேரத்தில் தன் சகோதரியை மணந்திருந்த மக்கபகாலுக்காக விலகிக்கொண்டார். அது தனிக் கதை.) தம்பி கோரியோவாக டால்ஃபி. இயக்கம் மார் எஸ். டோரஸ். இவ்வளவும் உறுதியான விவரங்கள்.

உறுதியில்லாதவை இரண்டு, நீங்கள் படித்த கட்டுரை அவற்றைத் தீர்மானமாகச் சொல்லியிருக்கலாம். ஒன்று, ‘முதல் பாத்திரம்’ என்ற பட்டம். போருக்கு முன் அங்கே எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் இன்று முழுமையாக இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மிச்சம் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் படச்சுருளோடும் வெப்பத்தோடும் 1945-ன் மணிலாப் போரோடும் போய்விட்டன. இல்லாத படங்களை வைத்துக்கொண்டு ‘இதற்கு முன் யாருமே செய்யவில்லை’ என்று எப்படிச் சத்தியம் செய்ய முடியும்? நாடக மேடையில் பெண் சாயல் கோமாளிகள் அதற்கு முன்பே இருந்தவர்கள். ‘பெருவெற்றி பெற்ற முதல் படங்களில் ஒன்று’ என்று சொன்னால் சண்டை வராது. இரண்டாவது, ‘காமிக்ஸை அப்படியே எடுத்திருக்கிறார்கள்’ என்ற பேச்சு. அந்த இதழ்கள் மட்டமான தாளில் அச்சாகி, வாடகைக்குக் கைமாறிக் கிழிந்தவை. தொடர் முழுவதையும் பக்கம் பக்கமாகப் படத்தோடு ஒப்பிட்டதாக யாராவது சொன்னால் எந்த இதழ்களைப் பார்த்தார் என்று கேளுங்கள். நான் அப்படி ஒப்பிட்டதில்லை. ரவேலோவின் கதைப்போக்கு எப்படிப்பட்டது என்பதிலிருந்துதான் பேசுகிறேன்.

அந்தப் போக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. அதே 1954-ல் ரவேலோவின் இன்னொரு கதையும் படமானது: ‘போண்ட்யிங்’. செல்லம் கொடுத்தே கெடுத்ததால் வளர்ந்த ஆளாகியும் குழந்தை உடுப்பில் திரிகிற ஒருவனின் கதை. பதினைந்து ஆண்டு கழித்து, 1969-ல், டால்ஃபியே நடித்த ‘ஃபசிஃபிகா ஃபலாய்ஃபாய்’. பெண் குழந்தைக்கு ஏங்கிய தாய் கடைசி மகனைப் பெண்ணாகவே வளர்த்துவிடுகிறாள். பிறகு அண்ணன்மார் அவனை ‘ஆம்பளை’ ஆக்கியே தீருவது என்று மல்லுக்கட்டுகிறார்கள். கடைசியில் அவன் ஒரு பெண்மேல் காதல் கொள்கிறான். எல்லாக் கதைகளிலும் ஒரே எண்ணம்: ஒருத்தர் இப்படி இருப்பதற்கு வளர்ப்புதான் காரணம், வளர்ப்பு போட்ட முடிச்சை வாழ்க்கை அவிழ்த்துவிடும். ‘ஜாக் என் ஜில்’ முடிவிலும் அக்காவும் தம்பியும் ஊர் எதிர்பார்க்கிற வரிசைக்கு வந்து நின்றுவிடுகிறார்கள். உங்கள் வருத்தம் இங்கே முழுக்க நியாயமானது. சமாளித்துப் பேச எனக்கு விருப்பமில்லை. அந்த முடிவு, ‘இது திருத்தக்கூடிய கோளாறு’ என்று பார்வையாளருக்குத் தைரியம் சொல்லி வீட்டுக்கு அனுப்புகிறது. இரண்டு மணி நேரம் சிரித்த குற்ற உணர்ச்சி யாருக்காவது இருந்திருந்தால் அதையும் கழுவிவிடுகிறது.

ஆனால் மக்கள் கடைசி பத்து நிமிடத்துக்காகவா டிக்கெட் வாங்கினார்கள்? டால்ஃபி நடந்து வருவதைப் பார்க்கத்தான் வாங்கினார்கள். அவர் நடையை அவருக்கு எந்தக் காமிக்ஸும் எழுதித் தரவில்லை. ரொடோல்ஃபோ வேரா கிசோன் (டால்ஃபியின் இயற்பெயர்) 1928-ல் மணிலாவின் தோண்டோவில், கப்பல் துறையை ஒட்டிய ஏழைப் பகுதியில் பிறந்தார். சிறுவனாகத் திரையரங்குகளில் வேர்க்கடலையும் தர்ப்பூசணி விதையும் விற்றுக்கொண்டே படம் பார்த்தவர். ஜப்பானியர் ஆக்கிரமித்தபோது அமெரிக்கப் படங்களுக்குத் தடை, உள்ளூரில் படமெடுப்பதும் ஏறக்குறைய நின்றுபோயிற்று. திரையரங்குகள் சும்மா கிடக்க முடியாதே. திரையைத் தூக்கிவிட்டு மேடை போட்டார்கள். பாட்டு, நடனம், இடையிடையே துண்டு நகைச்சுவை. அமெரிக்கர் காலத்திலேயே வேரூன்றியிருந்த ‘போடபில்’ என்ற அந்தக் கதம்ப நிகழ்ச்சிக்குப் போர்க்காலத்தில் மறுவாழ்வு கிடைத்தது. பூகோ, டோகோ என்று ஒரு ஜோடி. கை நிறையக் கடிகாரங்களைக் கட்டிக்கொண்டு மேடைக்கு வந்து, வழியில் போகிறவர்களின் கடிகாரங்களைப் பிடுங்கிக்கொண்ட ஜப்பானியச் சிப்பாய்களைக் குத்திக் காட்டி, அதற்காகச் சிறைக்கும் போனார்கள் என்று மணிலாவில் இன்றும் சொல்வார்கள். அந்த மேடைகளில்தான் டால்ஃபி கூட்டத்தோடு ஆடும் பையனாகச் சேர்ந்தார்.

முதலில் நடனக்காரர், பிறகுதான் கோமாளி. இது தெரியாமல் அவர் நடிப்பைப் புரிந்துகொள்ள முடியாது. ஒல்லி உடம்பு, நீளக் கை கால், முகத்தில் பெரும்பாலும் ஒன்றும் இராது. மற்ற கோமாளிகள் கண்ணை உருட்டும் இடத்தில் இவர் சும்மா பார்ப்பார். சிரிப்பு மணிக்கட்டிலும் முழங்காலிலும் இருக்கும். பஞ்சிட்டோ என்ற மூக்குப் பெருத்த நண்பரோடு அவர் பல ஆண்டு செய்த ஒரு துண்டு நிகழ்ச்சி உண்டு. டால்ஃபி ஓர் ஆங்கிலக் காதல் பாட்டை உருகிப் பாடுவார். ஒவ்வொரு வரி முடிந்ததும் பஞ்சிட்டோ அதைச் சொல்லுக்குச் சொல் தகாலோக்கில் பெயர்த்து, பள்ளிக்கூடப் பாடம் ஒப்பிப்பதுபோல் அறிவிப்பார். டால்ஃபி துளியும் சிரிக்காமல், மனம் நொந்த காதலன் முகத்தோடு அடுத்த வரிக்குப் போவார். அரங்கம் சிரித்து முடிக்கும்வரை காத்திருக்கும் அந்த நிதானம்தான் அவருடைய தொழில் ரகசியம். வகுப்பில் அவருடைய பழைய படத் துண்டுகளைச் சப்டைட்டில் இல்லாமல் போடுவேன். மாணவர்கள் சரியான இடத்தில்தான் சிரிப்பார்கள்.

கோரியோ பாத்திரத்துக்கு இந்த நிதானம் என்ன செய்தது? கேலிச் சித்திரமாக எழுதப்பட்ட ஒருவனுக்கு ஒரு மரியாதை கொடுத்தது. தன்னைப் பார்த்து ஊர் சிரிக்கிறது என்பது தெரிந்தும், சங்கடப்பட வேண்டியது தான் அல்ல என்பதுபோல அவன் நடமாடுகிறான். இது நான் இழுத்துப் பிடித்துச் சொல்கிற அர்த்தம் என்று நீங்கள் நினைக்கலாம், நினைப்பதற்கு இடமும் உண்டு. அங்கே ‘பக்லா’ என்று அழைக்கப்படுகிற, பெண் சாயல் கொண்ட ஆண்களில் சிலர் டால்ஃபியின் பாத்திரங்களைச் சிறுவயதில் பார்த்ததால்தான் தெருவில் கிண்டல் அதிகமானது என்பார்கள். வேறு சிலர், திரையில் எங்களைப்போல் ஒருவர் இருந்ததே அதில்தான் என்பார்கள். இரண்டையும் நேரில் கேட்டிருக்கிறேன். இரண்டில் ஒன்றைத் தள்ள எனக்கு அருகதை இல்லை. டால்ஃபி தானே ஒருபாலீர்ப்பாளர் அல்ல. பல உறவுகளில் 18 பிள்ளைகளுக்குத் தந்தை. அவர் வெளியாள்தான் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி நான் மிகவும் மதிக்கிற விஷயம். ரவேலோ அந்த வளர்ப்புக் கதையோடு நின்றுவிடவில்லை. அவருடைய இன்னொரு காமிக்ஸ் தொடரை இயக்குநர் லினோ ப்ரோக்கா ‘துபோக் சா கிந்தோ’ என்ற பெயரில் 1971-ல் படமாக்கினார். செல்வாக்குள்ள குடும்பத் தலைவன், மனைவி, மகன். அந்தத் தலைவனுக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு, அது யாருக்கும் தெரியாது. எடி கார்சியா அந்த வேடத்தில். அவனோடு உறவு வைத்து, பிறகு மிரட்டிப் பணம் பறிக்கிறவன் வீட்டு ஓட்டுநர். அங்கே வளர்ப்பைக் காரணம் காட்டவில்லை, திருத்தவும் இல்லை, பயமும் பொய்யும் அந்த மனிதனைத் தின்கின்றன, கதை சாவில் முடிகிறது. மனைவியாக நடித்தவர் யார் தெரியுமா? லோலிடா ரோட்ரிகஸ். 1954-ல் ஓட்டுநர் வேடத்தில் முதலாளியின் காருக்குள் உட்கார்ந்தவர், 1971-ல் ஓட்டுநரால் குடும்பம் சிதைகிற முதலாளியின் மனைவி. கதாசிரியர் ஒருவரே, நடிகை ஒருவரே, கார் சாவியைக் கையில் வைத்திருப்பவனால்தான் ரகசியம் வெளிவருகிறது என்ற உத்தியும் ஒன்றே. ரவேலோ தெரிந்து செய்தாரா என்று கேட்டால், ஐம்பதுகளுக்கும் எழுபதுகளுக்கும் இடையில் வாரத்துக்கு வாரம் தொடர் எழுதித் தள்ளிய ஒருவர் பழைய சரக்கை மறுபடி எடுத்துப் புரட்டியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் புரட்டிய விதத்தில் ஒரு மனமாற்றம் தெரிகிறது. காமிக்ஸ் என்றால் சிறுபிள்ளைச் சமாச்சாரம் என்று நீங்கள் நினைத்ததற்கு இதைவிட நல்ல மறுப்பு என்னிடம் இல்லை.

டால்ஃபியும் நகர்ந்தார். அதே ப்ரோக்கா 1978-ல் அவரை வைத்து ‘ஆங் தத்தாய் கோங் நனாய்’ எடுத்தார். அழகு நிலையம் நடத்தும் கோரிங், தன் காதலன் விட்டுச்சென்ற கைக்குழந்தையை வளர்க்கிறார். பையன் வளர வளர, அவனுக்கு முன்னால் ‘அப்பா’வாகத் தெரிய வேண்டும் என்று சட்டை, பேச்சு, நடை எல்லாவற்றையும் மாற்றப் பார்க்கிறார். டால்ஃபி இத்தனை ஆண்டு எந்த நடையை வைத்துச் சிரிக்கவைத்தாரோ அதையே இங்கே மறைக்க முயன்று தோற்கிறார். பார்க்கிறவருக்குச் சிரிப்பு வரும், ஆனால் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்ற கேள்வியும் வரும். 2000-ல், எழுபதைத் தாண்டிய வயதில், ஜப்பானிய ஆக்கிரமிப்பில் சிப்பாய்களின் பாலியல் வன்முறைக்கு ஆளான ஒருவரின் உண்மைக் கதையான ‘மார்கோவா’வில் நடித்தார். இளவயதுப் பகுதிகளை அவர் மகன்கள் இருவர் நடித்தார்கள். 2012 ஜூலையில், 83 வயதில் காலமானார்.

‘ஜாக் என் ஜில்’ கதைக்கே 1987-ல் ஷாரோன் குனேட்டா, ஹெர்பர்ட் பௌதிஸ்டா நடித்து மறுபதிப்பு வந்தது. ஓடவும் செய்தது. எனக்கு அதில் அவ்வளவு ருசியில்லை. எல்லோருக்கும் முகத்தில் வேலை அதிகம்.

ஆக, கொண்டாடுகிறார்கள் என்றால் எதைக் கொண்டாடுகிறார்கள் என்று பிரித்துப் பாருங்கள். கதையின் தலைகீழ் ரவேலோவுடையது, அதைக் கடைசியில் நேராக்கிவிடும் கோழைத்தனமும் அந்தக் காலத்து வியாபாரத்தோடு சேர்த்து அவருடையதுதான். நடுவிலிருக்கும் உயிர் டால்ஃபியுடையது, அதற்கு மூலம் காமிக்ஸ் அல்ல, போர்க்கால மேடை. காமிக்ஸ் தழுவல் என்று மட்டும் சொன்னால் பாதியைத்தான் சொன்னதாகும்.

எதை முதலில் பார்ப்பது என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். 1954 படத்திலிருந்து தொடங்க வேண்டாம். ‘ஆங் தத்தாய் கோங் நனாய்’ நல்ல பிரதியாகக் கிடைத்தால் அதைப் பாருங்கள், அடுத்து ‘துபோக் சா கிந்தோ’. அப்புறம் ‘ஜாக் என் ஜில்’ துண்டுகள் எங்காவது அகப்பட்டால், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, டால்ஃபியின் கால்களைக் கவனியுங்கள். தகாலோக் தெரிந்த நண்பர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் வசனத்துக்கு அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த விஷயத்தில் என்னைவிட அவர் உதவுவார்.